அலையன்ஸ்: சண்டைக்குப் பிறந்து தேயிலை ஏற்றிய கப்பல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய பாய்க்கப்பல்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எல்லோரும் சண்டையைத்தான் கேட்கிறார்கள். எத்தனை பீரங்கி, யாரைத் தோற்கடித்தது, யார் செத்தார்கள் என்று. சண்டை முடிந்தபிறகு அந்தக் கப்பல் என்ன ஆனது, அதை யார் வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் பிடிக்கும். அதனால் அமெரிக்க விடுதலைப் போரில் ஓடி, பிறகு சீனாவுக்குச் சரக்கு ஏற்றப் போன 'அலையன்ஸ்' கப்பலை எடுத்துக்கொண்டு, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இது எந்தக் கப்பல்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1778-ல் மாசசூசெட்ஸில், மெரிமாக் ஆற்றங்கரையில் உள்ள சால்ஸ்பரியில் கட்டப்பட்ட, 36 பீரங்கி கொண்ட 'ஃபிரிகேட்' வகைப் போர்க்கப்பல். கட்டியவர்கள் ஹாக்கெட் குடும்பத்தார். பிரிட்டனை எதிர்த்துப் போராடிய அமெரிக்கக் குடியேற்றங்கள் அவசர அவசரமாக உருவாக்கிய கான்டினென்டல் கடற்படையில் சேர்ந்தது, அந்தப் படையின் கடைசிக் கப்பலாக 1785-ல் விற்கப்பட்டது. 1787-ல் வணிகக் கப்பலாகச் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் போனது, 1788-ல் திரும்பியது. பத்துப் பதினோரு வருடக் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு கலகச் சதி, கிறுக்குப் பிடித்த ஒரு கேப்டன், போரின் கடைசிக் கடற்சண்டைகளில் ஒன்று, யாரும் போகாத ஒரு கடல் வழி எல்லாம் இருக்கின்றன.

'அலையன்ஸ்' என்ற பெயர் எப்படி வந்தது?

முதலில் வைத்த பெயர் ஹான்காக். பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்த செய்தி வந்ததும், அந்தக் கூட்டணியைக் கொண்டாட 1778 மே மாதம் பெயரை மாற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்களை இன்னும் குளிர்விக்க, பிரெஞ்சுக் கடற்படையில் இருந்து வந்த பியர் லாண்டே என்பவரையே முதல் கேப்டனாகவும் போட்டார்கள். பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லோடு உலகைச் சுற்றி வந்த ஆள், தகுதி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது எவ்வளவு மோசமான முடிவு என்பது சீக்கிரமே தெரிந்தது.

நம் பக்கத்துக்கும் அந்தக் கூட்டணிக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரான்ஸ் போரில் இறங்கியதால்தான் அதே 1778-ல் பிரிட்டிஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தார்கள்.

ஃபிரிகேட் என்றால் என்ன வகைக் கப்பல்?

பீரங்கிகளின் பெரும்பகுதி ஒரே தளத்தில் வரிசையாக இருக்கும், மூன்று பாய்மரம், வேகமான ஓட்டம். பெரிய போர்க்கப்பல்களோடு நேருக்கு நேர் நின்று மோதுவது இதன் வேலை இல்லை. வேவு பார்ப்பது, எதிரியின் சரக்குக் கப்பல்களைப் பிடிப்பது, முக்கியமான ஆட்களையும் பணத்தையும் கடிதங்களையும் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதற்கெல்லாம்தான் ஃபிரிகேட். அலையன்ஸ் சுமார் 150 அடி நீளம், 36 அடி அகலம். ஏறத்தாழ 300 பேர் இருந்தால்தான் முழு பலத்தோடு ஓட்டவும் சண்டை போடவும் முடியும். இந்த 300 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வணிகக் கணக்குப் பார்க்கும்போது வரும்.

முதல் பயணத்திலேயே கலகம் நடந்ததாமே?

நடக்க இருந்தது, கடைசி நேரத்தில் தெரிந்துவிட்டது. 1779 ஜனவரியில், அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெத் பிரபுவை பாஸ்டனில் இருந்து பிரான்ஸுக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். மாலுமிகள் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் கேப்டன் கீழே வேலை செய்ய நியூ இங்கிலாந்துக்காரர்கள் விரும்பவில்லை. ஆள் எண்ணிக்கையை நிரப்ப, கேப் காட் கரையில் உடைந்துபோன பிரிட்டிஷ் கப்பல் சாமர்செட்டில் இருந்து பிடிபட்ட மாலுமிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எதிரி நாட்டு மாலுமியைப் பிடித்து நம் போர்க்கப்பலில் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இல்லை போல. அதிகாரிகளைத் தீர்த்துக்கட்டிவிட்டு கப்பலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம். பிப்ரவரி 2-ஆம் தேதி அது வெளியே வந்தது, சந்தேகப்பட்டவர்களை விலங்கிட்டார்கள். நான்கு நாள் கழித்து கப்பல் பத்திரமாக பிரெஸ்ட் துறைமுகம் சேர்ந்தது.

லாண்டே தன் பக்கத்துக் கப்பலையே சுட்டார் என்பது உண்மையா?

சுட்டது உண்மை. வேண்டுமென்றே சுட்டாரா என்பதில்தான் வாதம்.

1779 செப்டம்பர் 23, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஃப்ளாம்பரோ முனை. அமெரிக்கக் கேப்டன் ஜான் பால் ஜோன்ஸின் 'பொனொம் ரிச்சர்ட்', பிரிட்டிஷ் கப்பல் 'செராபிஸ்' இரண்டும் ஒன்றோடு ஒன்று பிணைந்து மணிக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. லாண்டேயின் அலையன்ஸ் ரொம்ப நேரம் தள்ளியே நின்றது. பிறகு வந்து சுட்டபோது குண்டுகள் இரண்டு கப்பலிலும் விழுந்தன. ஜோன்ஸ் ஆட்கள் கத்தியும் நிற்கவில்லை, திரும்ப வந்தும் சுட்டார்கள். நிலா வெளிச்சம் இருந்தது. அந்த நெருக்கத்தில் எதிரியை மட்டும் குறிவைப்பது யாருக்கும் கஷ்டம்தான், ஆனால் அப்படியானால் சுடாமல் இருந்திருக்கலாம் அல்லவா! கடைசியில் செராபிஸ் சரணடைந்தது, பொனொம் ரிச்சர்ட் இரண்டு நாளில் மூழ்கியது.

அந்தப் பொனொம் ரிச்சர்டின் பூர்வீகமும் சுவாரசியம். 1765-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கட்டிய வணிகக் கப்பல் அது, பழைய பெயர் 'டியூக் தெ துராஸ்'. பீரங்கி ஏற்றிப் போர்க்கப்பல் ஆக்கியிருந்தார்கள். வணிகத்தில் இருந்து போருக்கு வந்த ஒன்றும், பின்னால் போரில் இருந்து வணிகத்துக்குப் போகப்போகிற ஒன்றும் அன்று ஒரே அணியில் இருந்தன. அந்தக் காலத்தில் இந்தக் கோடு அவ்வளவு அழுத்தமானது இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் லாண்டேவிடம் கப்பல் எப்படித் திரும்பிப் போனது?

அரசியல். ஜோன்ஸ் ஹாலந்தின் டெக்ஸலில் அலையன்ஸைத் தன் பொறுப்பில் எடுத்து, 1779 டிசம்பர் கடைசியில் பிரிட்டிஷ் காவலைத் தாண்டி வெளியே கொண்டுவந்துவிட்டார். ஆனால் 1780 ஜூனில், பிரான்ஸின் லோரியாங்கில் ஜோன்ஸ் கரையில் இருந்த நேரம், லாண்டே ஏறிக் கப்பலைக் கைப்பற்றிக்கொண்டார். பிரான்ஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினோடு ஒத்துப்போகாத ஆர்தர் லீ என்ற அமெரிக்கத் தூதர் அவருக்குத் துணை.

அமெரிக்கா நோக்கிப் போகும் வழியில் அந்த லீயே நொந்துபோனார். லாண்டேயின் நடத்தை நாளுக்கு நாள் விபரீதமாகியது. சாப்பாட்டு மேஜையில் தனக்கு முன்னால் பன்றிக்கறித் துண்டை எடுத்ததற்காக லீயைக் கத்தியைக் காட்டி மிரட்டினார் என்று ஒரு கதை உண்டு. மீன் கொட்டிக் கிடக்கும் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மாலுமிகள் தூண்டில் போடக்கூடாது என்று தடை போட்டார் என்றும் சொல்வார்கள். கடைசியில் அதிகாரிகளும் பயணிகளும் சேர்ந்து அவரை ஒதுக்கிவைத்து, ஒரு லெப்டினென்டை வைத்துக் கப்பலை பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ராணுவ விசாரணை நடந்தது, லாண்டேயின் வேலை போனது.

புதிய கேப்டனாக ஜான் பாரி வந்தபிறகு?

கப்பல் உருப்பட்டது, அவ்வளவுதான் சொல்லவேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர், ஃபிலடெல்ஃபியாவில் வணிகக் கப்பல் ஓட்டி வளர்ந்தவர். 1781 பிப்ரவரியில் பிரான்ஸிடம் பணமும் பொருளும் கேட்கப் போன ஜான் லாரன்ஸையும் தாமஸ் பெயினையும் ஏற்றிச் சென்றார்.

திரும்பும் வழியில், மே கடைசியில் நடந்த சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. 'அடலாண்டா', 'ட்ரெபாசி' என்ற இரண்டு சிறிய பிரிட்டிஷ் கப்பல்கள் எதிரே வந்தன. காற்று அடியோடு நின்றுபோனது. அலையன்ஸ் அசையமுடியாமல் நின்றது. சிறிய கப்பல்களுக்கு நீளத் துடுப்பு இருந்ததால், அவை தள்ளிக்கொண்டே வந்து அலையன்ஸின் பீரங்கிகள் எட்டாத பின்பக்கமாக நின்று அடித்தன. பாரிக்கு இடது தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்தது, கீழே தூக்கிப் போனார்கள். கொடியும் குண்டு பட்டு விழுந்தது. முதல் லெப்டினென்ட் ஹாக்கர் கீழே வந்து, சரணடையலாமா என்று கேட்டபோது பாரி மறுத்துவிட்டு, உங்களால் முடியாவிட்டால் என்னை மேலே தூக்கிப் போங்கள் என்ற மாதிரி பேசியிருக்கிறார். ஹாக்கர் மேலே திரும்பிய நேரம் கொஞ்சம் காற்று வந்தது. கப்பல் திரும்பியது, ஒரு பக்கத்துப் பீரங்கிகள் முழுக்க வெடித்தன, பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டும் சரணடைந்தன.

கடைசிச் சண்டை எது?

1783 மார்ச் 10, ஃபுளோரிடாவின் கேப் கனாவெரலுக்கு அப்பால். ஹவானாவில் இருந்து 72,000 ஸ்பானிய வெள்ளி டாலர்களைச் சுமந்து வந்த 'டியூக் தெ லோசன்' என்ற கப்பலுக்கு அலையன்ஸ் காவல். பிரிட்டிஷ் கப்பல்கள் விரட்டின. மெதுவாகப் போகும் கப்பலில் பணம் இருந்தால் ஆபத்து என்று பெரும்பகுதியை வேகமான அலையன்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். 'சிபில்' என்ற ஃபிரிகேட்டோடு பாரி மோதி அதை விலகவைத்தார். கான்டினென்டல் கடற்படையின் கடைசிச் சண்டை இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் சண்டைநிறுத்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேரவில்லை. இதைவிடப் பெரிய கூத்து கடலூரில் நடந்தது. அதே போரின் கணக்கில், அதே மாதிரி செய்தி தெரியாமல், 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரெனும் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸும் கடலூருக்கு எதிரே கடலில் மோதினார்கள். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கப்பலை ஏன் விற்றார்கள்?

காசு இல்லை. இதுதான் ஒற்றைக் காரணம், மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

அப்போதைய அமெரிக்கக் காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கை நீட்டவேண்டும், மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. போர்க்கடன் தலைக்கு மேல். ஒரு ஃபிரிகேட்டைத் துறைமுகத்தில் சும்மா நிறுத்தி வைத்தாலே காவல் ஆள் சம்பளம், கயிறு, தார், பாய்த்துணி, ஒழுகல் அடைப்பு என்று செலவு இழுக்கும்.

கப்பலின் உடம்பும் சரியில்லை. 1783 ஆகஸ்டில் இதை வர்ஜீனியாவில் புகையிலை ஏற்றி ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள், கடனை அடைக்க. அதாவது இன்னும் கடற்படையில் இருக்கும்போதே இதற்குச் சரக்கு வேலை வந்துவிட்டது! கிளம்பியதும் அடியில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது, ஃபிலடெல்ஃபியாவுக்குத் திருப்பினார்கள். அதை முழுதாகப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்க யாரும் தயாரில்லை. 1784-ல் காங்கிரஸின் ஒரு குழு, கொடியின் மானத்துக்காகவாவது சரிசெய்து வைத்திருக்கவேண்டும் என்றது. அடுத்து வந்த யோசனை விற்றுவிடலாம் என்றது. கடைசியில் 1785 ஜூனில் விற்க முடிவாகி, ஆகஸ்ட் 1-ஆம் தேதி 2,887 பவுண்டுக்கு ஜான் கோபர்ன், வைட்ஹெட் என்ற இருவருக்குப் போனது.

இதில் என்னை உறுத்தும் விஷயம் தேதிதான். விற்பனைக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 25 அன்று, வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர்கள் 'மரியா' என்ற அமெரிக்க வணிகக் கப்பலைப் பிடித்தார்கள். ஜூலை 30-ல் 'டாஃபின்' என்ற இன்னொன்று. இரண்டிலுமாக 21 பேர் கைதிகள். பிரிட்டிஷ் கொடியின் பாதுகாப்பு போய், சொந்தக் கொடிக்குப் பல் முளைக்கும் முன்னால் நடந்தது இது. செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டி வருவதற்குள் கடைசிப் போர்க்கப்பல் கைமாறிவிட்டது. தெரிந்திருந்தாலும் விற்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஓட்டப் பணம் எங்கே?

ராபர்ட் மோரிஸ் வாங்கினார் என்கிறார்களே? அவர் அரசாங்க ஆள் இல்லையா?

நல்ல கேள்வி. கோபர்னும் வைட்ஹெட்டும் லாபம் வைத்து மோரிஸுக்கு விற்றார்கள். இந்த மோரிஸ் 1781 முதல் 1784 வரை அமெரிக்காவின் நிதிப் பொறுப்பாளர், கடற்படை விவகாரங்களையும் அவர்தான் பார்த்தார். வருமானம் இல்லாமல் கடற்படை வைத்துக்கொள்வது வீண் பேச்சு என்று காங்கிரஸுக்கு எழுதியவரும் அவரே. பதவியை விட்டு ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் விற்பனை, பிறகு கப்பல் அவர் கையில். இன்றைக்கு இப்படி நடந்தால் தணிக்கை அறிக்கை, வழக்கு என்று நாறிப்போயிருக்கும்.

ஆனால் அவர் நேரடியாக ஏலத்தில் எடுக்கவில்லை, இரண்டாம் கைதான். போர்க்காலத்தில் தன் சொந்தக் கடன் மதிப்பை அடகு வைத்தே அரசாங்கத்தை ஓட்டியவர் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த ஊரில் இவ்வளவு பெரிய கப்பலை வாங்கி, சீனா வரை அனுப்பும் அளவுக்குத் துணிச்சலும் தொடர்பும் உள்ளவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள், அவர்களே அரசாங்கத்திலும் இருந்தார்கள். அதனால் இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். மணக்கிறது என்றும் சொல்ல மாட்டேன்.

போர்க்கப்பலைச் சரக்குக் கப்பலாக மாற்றுவது எப்படி? பீரங்கியை இறக்கினால் போதுமா?

போதாது, ஆனால் அங்கேதான் ஆரம்பம். பீரங்கி ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை, அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே. அதை இறக்கினால் கப்பலின் சமநிலையே மாறும். அடியில் உள்ள பாரச்சுமையைப் புதிதாகக் கணக்குப் போடவேண்டும். பீரங்கித் தளம் இப்போது சரக்குத் தளம். வெடிமருந்து அறை, முந்நூறு பேருக்கான தண்ணீர்ப் பீப்பாய்களும் உப்புக்கறியும் இருந்த இடம் எல்லாம் காலியாகும்.

சிக்கல் கப்பலின் வடிவத்தில். சரக்குக் கப்பலின் வயிறு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், மெதுவாகப் போனாலும் நிறையக் கொள்ளும். ஃபிரிகேட்டின் அடிப்பகுதி வேகத்துக்காக ஒல்லியாகச் செதுக்கியது. அதே நீளமுள்ள சரக்குக் கப்பலைவிடக் குறைவாகத்தான் ஏறும். பாய்மரங்களோ மிக உயரம், பாய்த்துணி மிக அதிகம், அதைக் கையாள ஆள் வேண்டும். 300 பேரைச் சண்டை இல்லாததால் குறைத்துவிடலாம், ஆனாலும் சாதாரண வணிகக் கப்பலைவிட அதிக ஆட்கள் தேவைப்படும். ஆள் என்றால் சம்பளம், சாப்பாடு.

ஆகவே புகையிலை, மரம், அரிசி மாதிரி கனமான, மலிவான சரக்குக்கு இது ஒத்துவராது. இடம் குறைவாக எடுத்து விலை அதிகம் போகிற சரக்கு வேண்டும். தூரம் அதிகமாக இருந்தால் வேகத்துக்கும் மதிப்பு உண்டு. வழியில் கொள்ளையர் பயம் இருந்தால், சில பீரங்கிகளை விட்டுவைக்க வலுவான தளம் இருப்பது கூடுதல் லாபம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் வியாபாரம் அன்று ஒன்றே ஒன்று: சீனத் தேயிலை.

அமெரிக்காவுக்குச் சீனா வியாபாரம் அப்போதே இருந்ததா?

அப்போதுதான் தொடங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவரை தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனி வழியாகத்தான் வரவேண்டும். விடுதலை கிடைத்ததும் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளோடு செய்துவந்த பழைய வியாபாரம் அடைபட்டது, வேறு சந்தை தேடியே ஆகவேண்டும். 1784 பிப்ரவரியில் 'எம்பிரஸ் ஆஃப் சைனா' நியூயார்க்கில் இருந்து கிளம்பி, சுமார் 30 டன் ஜின்செங் என்ற மருந்து வேரைக் கான்டனுக்குக் கொண்டுபோய் விற்று, அடுத்த ஆண்டு மே மாதம் தேயிலையோடு திரும்பியது. அதிலும் மோரிஸ் பணம் போட்டிருந்தார். கேப்டன் ஜான் கிரீனும் முன்னாள் கடற்படைக்காரர்.

போர் முடிந்ததும் வேலை இழந்த கடற்படை அதிகாரிகள் பலர் இதே பாதையில்தான் போனார்கள். அலையன்ஸின் பழைய கேப்டன் பாரியே 1787-ல் 'ஏஷியா' என்ற வணிகக் கப்பலில் கான்டன் போனார். கப்பலும் வேலை மாறியது, ஆட்களும் மாறினார்கள். ஆழ்கடலில் பல மாதம் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

அலையன்ஸ் எந்த வழியாகப் போனது? அதில் என்ன புதுமை?

1787 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் இருந்து கிளம்பியது. ஊருக்குள் அப்போது அரசியல் சட்டம் எழுதும் மாநாடு நடந்துகொண்டிருந்தது. மோரிஸ் அதில் ஒரு பிரதிநிதி, வாஷிங்டன் தங்கியிருந்தது மோரிஸ் வீட்டில். கேப்டன் தாமஸ் ரீட். இவருடைய அண்ணன் ஜார்ஜ் ரீடும் அந்த மாநாட்டில் டெலவேர் பிரதிநிதி. முதல் துணை அதிகாரி ரிச்சர்ட் டேல், ஃப்ளாம்பரோ முனையில் பொனொம் ரிச்சர்டில் ஜோன்ஸின் லெப்டினென்டாக இருந்த அதே டேல். எந்தக் கப்பல் தன் மேல் குண்டு போட்டதோ, எட்டு வருடம் கழித்து அதே கப்பலில் சம்பளத்துக்கு ஏறினார்.

ஜூனில் கிளம்புவது தாமதம். வழக்கமான வழி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே உள்ள சுந்தா நீரிணை வழியாகத் தென்சீனக் கடலுக்குள் நுழைந்து வடக்கே ஏறுவது. அதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். அக்டோபருக்கு மேல் அங்கே வடகிழக்குக் காற்று நேர் எதிரே அடிக்கும். பாய்க்கப்பலுக்கு அதை எதிர்த்து ஏறுவது நரகம். அப்படி மாட்டிக்கொண்டால் காற்று திரும்பும்வரை எங்காவது காத்திருக்கவேண்டும், சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரீட் என்ன செய்தார்? சுந்தாவுக்கே போகவில்லை. நேரே கிழக்கே ஓடி, ஆஸ்திரேலியாவின் தெற்கு முனையைச் சுற்றி, பசிபிக்கில் வடக்கே திரும்பி, சாலமன் தீவுகள் பக்கமாக ஏறி, பிறகு மேற்கே திரும்பிக் கான்டனுக்கு இறங்கினார். தூரம் மிக அதிகம். ஆனால் தெற்கே எப்போதும் அடிக்கும் மேலைக்காற்றும், பசிபிக்கில் கிழக்கில் இருந்து வரும் காற்றும் சாதகம். அந்தக் கடலுக்கான சரியான வரைபடமும் கையில் கிடையாது. வழியில் கரோலின் தீவுக்கூட்டத்தில் இரண்டு தீவுகளைப் பார்த்து, ஒன்றுக்கு முதலாளி பெயரையும் (மோரிஸ்) இன்னொன்றுக்குக் கப்பல் பெயரையும் வைத்தார். அங்கே வாழ்ந்தவர்கள் அந்தத் தீவுகளுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள், அதை யார் கேட்டார்கள்! 1787 டிசம்பர் 22-ல் கான்டன். அந்தப் பருவத்தில் இப்படி ஒரு கப்பல் வந்து நின்றதைப் பார்த்து அங்கிருந்த ஐரோப்பியக் கேப்டன்கள் வழியைத் துருவித் துருவிக் கேட்டார்களாம்.

பிரிட்டிஷ் கைதிகளை ஏற்றிய முதல் கப்பற்கூட்டம் ஆஸ்திரேலியாவில் இறங்கியது 1788 ஜனவரியில். அலையன்ஸ் அந்தக் கடலைக் கடந்தது அதற்கு முன்பே.

கான்டனில் என்ன நடக்கும்?

ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள மக்காவ் துறைமுகத்தில் வழிகாட்டி ஏறுவார், பெரிய கப்பல்கள் ஆற்றில் வாம்போவா என்ற இடத்தில் நங்கூரம் போடும். அதற்கு மேல் படகுதான். அரசு அனுமதி பெற்ற சில சீன வணிகர்களோடு மட்டுமே வியாபாரம், கப்பலை அளந்து வரி. கப்பலோடு வரும் சரக்குப் பொறுப்பாளர்தான் பேரம் பேசுவார். கேப்டனுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஏறுவது பெரும்பாலும் தேயிலை. பீங்கானை அடியில் வைப்பார்கள், கனமும் சேரும், தண்ணீர் பட்டாலும் கெடாது. தேயிலை ஈரம் ஆகக்கூடாது, ஆகவே மேலே. ஒழுகல் வரலாறு உள்ள ஒரு கப்பலில் தேயிலை ஏற்றுவது எப்படிப்பட்ட கவலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கப்பல் இந்தியா பக்கம், நம் கரைப் பக்கம் வந்ததா?

இல்லை. ஆனால் இதே ஃபிலடெல்ஃபியாவில் இருந்து கிளம்பிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற வணிகக் கப்பல் 1784 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி வந்து நங்கூரம் போட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான். கேப்டன் பெயர் தாமஸ் பெல்.

திரும்பியபிறகு கப்பல் என்ன ஆனது?

1788 செப்டம்பர் 17 அன்று ஃபிலடெல்ஃபியா திரும்பியது. கேப்டன் ரீட் அடுத்த மாதமே இறந்துபோனார். கப்பல் மறுபடி சீனா போகவில்லை. பத்து வயதான கருவாலி மரக்கப்பல், போர்க்கால அவசரத்தில் கட்டியது. கடைசியில் டெலவேர் ஆற்றில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரே உள்ள பெட்டிஸ் தீவின் கரையில் கைவிட்டார்கள். தண்ணீர் வற்றும்போது மரச்சட்டங்கள் வெளியே தெரியும் நிலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்து, 1901-ல் ஆற்றைத் தூர்வாரும்போது அழிந்துபோயின.

பத்து வருடத்தில் கப்பல் வீணாகுமா? ஏமாற்று மரமா?

ஏமாற்று இல்லை, காயாத மரம். வெட்டிய மரத்தை வருடக்கணக்கில் உலரவிட்டுக் கட்டினால் நிற்கும். போர்க்காலத்தில் அதற்கு யார் காத்திருப்பார்கள்? ஈரம் உள்ளேயே இருந்து மரம் உளுத்துப்போகும். அன்றைய அமெரிக்கக் கப்பல்கள் பலவற்றின் கதி இதுதான். தேக்கு என்றால் கதை வேறு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் தண்ணீரில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற ஃபிரிகேட் (நம் திருகோணமலையின் பெயர்தான்) இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

மோரிஸுக்கு லாபம் வந்ததா?

தேயிலை வியாபாரம் அவரைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தது நிலம். லட்சக்கணக்கான ஏக்கரைக் கடனுக்கு வாங்கிக் குவித்தார், விற்க முடியவில்லை. 1798 முதல் 1801 வரை ஃபிலடெல்ஃபியாவில் கடனாளிகள் சிறையில் இருந்தார். வாஷிங்டன் அங்கேயே போய் அவரோடு சாப்பிட்டார்.

அப்புறம் அமெரிக்காவுக்குக் கடற்படை எப்போது வந்தது?

அலையன்ஸை விற்றபின் ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் அவர்களுக்கு ஒரு போர்க்கப்பல்கூடக் கிடையாது. 1793-ல் அல்ஜியர்ஸ்காரர்கள் மறுபடி பல கப்பல்களைப் பிடித்தபிறகுதான், 1794 மார்ச்சில் ஆறு ஃபிரிகேட் கட்டச் சட்டம் போட்டார்கள். புது அரசியல் சட்டத்தால் காங்கிரஸுக்கு இப்போது வரி போடும் அதிகாரம் இருந்தது. கேப்டன் பட்டியலில் முதல் பெயர் ஜான் பாரி. ரிச்சர்ட் டேலும் அதில் உண்டு.

புதுக் கப்பல்கள் எல்லாம் தயாராவதற்குள் 1798-ல் பிரான்ஸோடு தகராறு முற்றியது. (ஆமாம், யார் கூட்டணிக்காகப் பெயர் மாற்றினார்களோ அதே பிரான்ஸ்தான்.) அவசரத்துக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வணிகக் கப்பலை வாங்கி, பீரங்கி ஏற்றி, மே மாதம் கடலுக்கு அனுப்பினார்கள். அதன் பெயர் 'கேஞ்சஸ்', நம் கங்கைதான். கேப்டன் ரிச்சர்ட் டேல்.